நான்காம் சிலிண்டர்

ஜீரோ கேட் வரைக்கும் டிரெய்லர்கள்.
நேற்றிலிருந்து நகரவில்லை.
சக்கரத்து நிழலில் உட்கார்ந்து ஒரு டிரைவர்
வெங்காயம் நறுக்குகிறார்.
அவரைச் சுற்றிக்கொண்டு மாடியேறுகிறேன்,
கையில் கூரியர் பெட்டி.
உள்ளே ஆறு பிளாஸ்டிக் குப்பிகள்.
ஆறிலும் ஒரு கப்பலின் உள்வியர்வை.

நான் கப்பல் ஏறியதில்லை.
காசிமேட்டில் பிறந்து
கடலிலிருந்து முந்நூறு அடி தள்ளிப் படுத்துத் தூங்குகிறவள்.
லேப் ஜன்னலில் தெரிவது கிரேன்களின் கழுத்து மட்டும்.
ஆனால் எம்.வி. நர்மதா வேகாவின்
எந்த சிலிண்டருக்கு இந்த மாதம் மூச்சு வாங்கியது என்று
எனக்குத் தெரியும்.

பிஸ்டன் ஏறி இறங்கும் சுவருக்கு
அளந்து அளந்து எண்ணெய் விடுகிறார்கள்.
எரிபொருளில் ஒளிந்த கந்தகம்
அமிலமாகிச் சுவரைத் தின்ன வரும்.
எண்ணெயின் காரம் அதைத் தடுத்துத் தடுத்துத் தீரும்.
கூட விட்டால் காசு கரியாகும்,
நிஜமாகவே கரி: வளையங்களின் பள்ளத்தில்
கல்லாக ஒட்டிக்கொள்ளும்.
குறைத்தால் இரும்பு பேச ஆரம்பிக்கும்.
அடியில் வடிந்ததைக் குப்பியில் பிடித்து
என்னிடம் அனுப்புகிறார்கள்,
என்ன பேசியது என்று கேட்டுச் சொல்ல.

லேபிள் எழுதுகிறவரைப் பார்த்ததில்லை.
இரண்டாம் எஞ்சினியராக இருக்கலாம்.
நான்கை மேலே மூடாமல் எழுதுவார்,
கவிழ்த்துப்போட்ட நாற்காலி மாதிரி.
எண்ணெய் பட்டு மை ஊதாவாகப் படர்ந்திருக்கும்.

மார்ச்சில் நான்காம் சிலிண்டர் நூற்றுப்பத்து.
ஏப்ரலில் நூற்றெண்பது.
மே மாதம் இருநூற்றுத் தொண்ணூறு.
எண்ணெயைக் கூட்டவும், வளையங்களைப் பார்க்கவும்
என்று அனுப்பினேன்.
மும்பை ஆபீசிலிருந்து கோத்வானி போன் செய்தார்:
உங்கள் மெஷின் சரியாக இருக்கிறதா?
சரியாகத்தான் இருந்தது. இரண்டு முறை ஓட்டியிருந்தேன்.
கப்பல் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்றார்.
ஓடுவதுதானே சார் தேயும்.

ஜூனில் ஐந்து குப்பி கறுப்பு.
நான்காவது மட்டும் தேன் நிறம்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
சாலையில் போன டேங்கர் லாரி ஒன்று
அதன் வழியே பொன்னாக ஊர்ந்தது.
இரும்பு, இரண்டு.
காரம், பொட்டும் குறையவில்லை.
டின்னிலிருந்து நேரே குப்பிக்கு வந்தது,
நெருப்பையே பார்க்காதது.
லேபிளில் நான்கு மேலே மூடியிருந்தது.
கை நடுங்கியதா, இல்லை வேறு கையா?
யார் சொல்லி, யாருக்குப் பயந்து?

கீழே பரோட்டாக் கல்லில் கொத்துச் சத்தம்.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பியது.
இங்கே கந்தகத்தை அறிய இயந்திரம் வேண்டாம்,
மூக்கு போதும்.
வந்ததை எழுதிட்டுப் போயேன், ரெண்டுன்னா ரெண்டு
என்றாள் ஹெப்சிபா.
அதுவும் நியாயம்தான். எண்ணில் பொய்யில்லை.
குப்பிதான் பொய்.

ரிப்போர்ட்டின் கடைசியில்
குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு.
மாதக்கணக்கில் காலியாகவே கிடக்கும்.
அதில் தட்டினேன்:
இது உள்ளே போகிற எண்ணெய்.
வெளியே வந்ததை அனுப்பவும்.
கீழே என் பெயரைப் போட்டேன்.
வழக்கமாகப் போடுவதில்லை.

பன்னிரண்டு நாள் ஒன்றுமில்லை.
மறுநாள் கூரியர் பையன்
டிரெய்லர்களுக்கு நடுவே பைக்கை நுழைத்து வந்தான்.
இன்னா மேடம், ஒத்த பாட்டிலுக்கு இம்மாம் பெரிய டப்பாவா?

தார் மாதிரி இருந்தது.
அடியில் காந்தத்தை வைத்தேன்.
உள்ளே ஒரு நிழல்
மெல்லத் திரும்பிப் படுத்தது.
நானூற்றுப் பன்னிரண்டு.

கெட்ட செய்தி.
ஏதோ ஒரு துறைமுகத்தில், வேகும் அறையில்,
யாரோ இரவெல்லாம் பிஸ்டனைத் தூக்கப் போகிறார்கள்.
கோத்வானி மறுபடி கூப்பிடுவார்.
குப்பியைத் துடைத்து
லேபிளைத் திருப்பிப் பார்த்தேன்:

மேலே மூடாத நான்கு.